தோலும் உப்பும் பாலாறும்

(ஹஜ் பெருநாளுக்கு முன்பு நடந்த அறக்கட்டளைப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியோர்களே, மதரஸா உஸ்தாதுமார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இளைஞர்களே!

பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் குர்பானித் தோல் வசூலுக்கு எந்தத் தெருவுக்கு யார், எத்தனை வண்டி, எத்தனை மூட்டை உப்பு என்று பேசி முடித்துவிட்டு, தேநீர் குடித்துக் கலைவோம். இந்த முறையும் தோலைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் பேச்சு அந்த உப்பு மூட்டையில் தொடங்கி, அது எங்கே போய்ச் சேருகிறது என்பது வரை போகும். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சுற்றுச்சூழல் என்றதும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பனிமலை உருகுவதையும் அமேசான் காடு எரிவதையும் படம் வரைகிறார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் பாலாற்றங்கரையில் வாழும் நமக்குச் சுற்றுச்சூழல் என்பது சமையலறைக் குழாயில் வரும் தண்ணீர். அதைப் பருப்பு வேக வைக்கப் பயன்படுத்த முடியாமல் இருபது லிட்டர் கேன் வாங்குகிறோமே, அதுதான் நம் பாடம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தோல் பதனிடுவது இழிவான தொழிலல்ல. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சேர்ந்த ஓர் ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவோம். வீணாகப் போகிற ஒன்றைப் பயனுள்ளதாக்கும் தொழில் இது. அக்காலத்து அரபுகள் தண்ணீரும், ‘கரழ்’ என்று சொல்லப்படும் கருவேல இனத்து மரத்தின் இலை காய்களும் கொண்டு பதனிட்டார்கள். நம் முன்னோர்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நம் ஊர்களின் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், கல்லூரிகள் பலவும் இந்தத் தோல் காசில் எழுந்தவை. தோல் ஷாப்பில் வேலை பார்த்துத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆகவே தொழிலைப் பழிப்பது நம் நோக்கமல்ல.

பட்டைப் பதனிடுதலுக்கு வாரக் கணக்கில் நாள் பிடிக்கும். 1970களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதாய் முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்புங்கள் என்று ஊக்கம் கொடுத்தது. அந்தச் சந்தைக்குச் சீக்கிரம் முடிகிற முறை தேவைப்பட்டது. குரோமிய உப்பு பரவலாகியது. வேலை பெருகியது, வருமானம் பெருகியது, தண்ணீர்ச் செலவும் பெருகியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்திருக்கிறது.

குரோமியம் என்றவுடன் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதுதான். பதனிடப் பயன்படும் வகை ஓரளவு சாது. ஆனால் அது சில சூழ்நிலைகளில் மாறி உருவாகும் இன்னொரு வகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இருந்தாலும் குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்த வழி உண்டு. கழிவுநீரில் காரம் சேர்த்தால் அது வண்டலாக அடியில் படியும். அந்த வண்டலை அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடும் சரக்காகிவிடும். தோலைச் சுத்தம் செய்யும்போது வரும் கொழுப்பு, சதை, முடி போன்ற அழுகும் பொருட்களையும் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும்.

உப்பு அப்படியல்ல. நாம் சோற்றில் போடும் அதே உப்புதான். அதை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அது வண்டலாகப் படியாது, ஆவியாகாது. தண்ணீரில் கரைந்தால் தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அதைப் பிரிக்க வேண்டுமென்றால் நம் வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் போலப் பெரிய இயந்திரம் வைத்துத் தண்ணீரை அழுத்தி வடிகட்ட வேண்டும். மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரை, மின்சாரமும் விறகும் செலவழித்துக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். நம் பகுதிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ‘ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது’ என்ற விதி வந்தபின் இதைத்தான் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு கலப்பு உப்பு மிச்சமாகிறது. அழுக்கும் இரசாயனமும் கலந்த அந்த உப்பை யாரும் வாங்குவதில்லை. கொட்டவும் இடமில்லை. கொட்டகை போட்டு மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்தால் அதுவும் மண்ணுக்குள்தான் போகும்.

இத்தனை உப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு. தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு உப்பு போடுவது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆட்டுத்தோல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஆயிரம் தோலுக்கு ஏறத்தாழ 500 கிலோ உப்பு. குடிதண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். ஒரு கிலோ உப்பு 500 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த 2000 எல்லைக்குக் கொண்டு போய்விடும். அப்படியானால் 500 கிலோ உப்பு, முழுவதும் கரைந்தால், இரண்டரை இலட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும். ஆயிரம் தோல் என்பது நான்கைந்து மஹல்லாக்களின் ஒரு நாள் குர்பானி. ஒரு நல்ல கிணற்றை நிரப்பும் தண்ணீர் அது.

ஆற்றில் தண்ணீர் ஓடினால் இந்த உப்பு கடலுக்குப் போய்விடும். நம் ஆறு ஓடுகிறதா? கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நடந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேரும் ஆறு பாலாறு. ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அது மணலாகத்தான் கிடக்கிறது. நம் பெரியவர்களுக்குத் தெரியும், மணலைக் கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று வரும். அந்த ஊற்றுக் கால்வாய்களை நம்பித்தான் கரையோர ஊர்கள் தென்னையும் நெல்லும் வைத்தன. இப்போது மணலும் குறைந்துவிட்டது, மேலேயும் அணைகளும் ஏரிகளும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஓடாத ஆற்றில் விழுந்த உப்பு அங்கேயே இறங்கி நிலத்தடி நீரோடு கலந்துவிடுகிறது. 2021 நவம்பரில் கரைபுரண்டு வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தோம். அப்படியொரு வெள்ளம் வருடா வருடம் வருவதில்லை.

சிலர் சொல்வார்கள், “எல்லாப் பழியையும் நம் மேலேயே போடுகிறார்கள். நகராட்சிச் சாக்கடை ஆற்றில் விழவில்லையா? மணல் அள்ளியவர்கள் யார்?” நியாயமான கேள்வி. சாக்கடை விழுகிறது. மணல் லாரி லாரியாகப் போனது. அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தென்னந்தோப்பு காய்ந்துபோன விவசாயியிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த விவசாயிகளின் பேரில்தான் 1991இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவரின் இழப்பையும் ஏற்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அது அறிவித்தது. நம் ஊர்ப் பெயரும் ஆற்றுப் பெயரும் நாடெங்கும் அறியப்பட்டது இப்படி.

அதன்பின் அமைக்கப்பட்ட ஆணையம், ஏறத்தாழ 29,000 பேருக்கு 27 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இழப்பீடு தர வேண்டும் என்று 2001இல் சொன்னது. பிரித்துப் பார்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் கூட வராது. கிணறு உப்பாகிப் போனவனுக்கு அந்தப் பணம் எத்தனை நாள் தண்ணீர் வாங்கும்? பிரச்சினை அத்தோடு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும், பாதிப்பு சரியாகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்பது அதன் சாரம்.

மார்க்கத்தில் இது புதிய சட்டமல்ல. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற நபிமொழியின் மேல் நம் ஃபிக்ஹ் மேதைகள் எத்தனை சட்டங்களைக் கட்டினார்கள்! பக்கத்து வீட்டாரின் கிணற்றைக் கெடுக்கும்படி ஒருவர் தன் நிலத்தில் கழிவுக் குழி தோண்டலாமா என்ற கேள்வியெல்லாம் பழைய கிதாபுகளில் விவாதிக்கப்பட்டது. ஹக்குல் இபாத், அதாவது அடியாரின் உரிமை, அந்த அடியார் மன்னித்தால்தான் தீரும். அந்த அடியார் கலிமா சொன்னவரா இல்லையா என்ற பேதம் அங்கே இல்லை. உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டதை ஜும்ஆ மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். வாங்கி விடவும் ஒரு நல்ல கிணறு மிச்சமிருக்க வேண்டும்.

உயிர் விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு புரண்டது. பத்துப் பேர் மரணித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இது பெரிய செய்தியானது. செய்தியில் ஒரு மூலையில் வந்து போகிற மரணங்களும் உண்டு. கழிவுக் குழியில் இறங்கிய ஒருவர் விஷவாயுவில் மயங்கி விழுவார். காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த கழிவில் அமிலக் கழிவு சேர்ந்தால் வெளியாகும் வாயு அது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ‘நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைப்பவர்தான் உயிரை விடுகிறார். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஆளை இப்படிக் குழியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தோல் ஷாப் வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். குழி சுத்தம் செய்யும் இயந்திர வண்டியின் வாடகை அதிகம் என்று யாராவது நினைத்தால், அந்த வாடகையில் பாதியை இந்த அறக்கட்டளை தரும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. ஆள் மட்டும் இறங்கக் கூடாது.

இனி உப்பு மூட்டைக்கு வருவோம்.

தோலுக்கு ஏன் உப்பு போடுகிறோம்? அறுத்த தோல் வெயிலில் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். தூரத்து ஊர்களிலிருந்து தோல் வர நாட்கள் ஆகும், ஆகவே உப்பு தேவை. நமக்கு அப்படியா? தோல் ஷாப் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெருநாள் அன்று அவை மூடியிருப்பதால்தான் நாம் உப்புப் போட்டு இரண்டு நாள் வைக்கிறோம். இந்த வருடம் இரண்டு தோல் ஷாப் உரிமையாளர்கள் பெருநாள் அன்றும் மறுநாளும் மாலை வரை தொட்டியைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்று வேலைக்கு வருவதாக முஸ்லிமல்லாத நம் சகோதரத் தொழிலாளர்கள் தாங்களே முன்வந்தார்கள். அவர்களுக்கு இரட்டைக் கூலி, மதியம் பிரியாணி நம் பொறுப்பு. தோல் உப்பில்லாமல் பச்சையாகவே போய்ச் சேரும். அறுத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம்தான் கெடு. அதற்காக மூன்று வண்டிகள் மூன்று சுற்று வரும். காலை ஒன்பது, பதினொன்று, ஒன்றரை.

இதில் தாய்மார்களின் உதவி இல்லாமல் ஒன்றும் நடக்காது. தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைக்காதீர்கள். உள்ளே சூடேறி ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்கவும் வேண்டாம். இரத்தத்தை வழித்துவிட்டு, நிழலில் சதைப்பக்கம் மேலே தெரிய விரித்து வையுங்கள். உரிப்பவரிடம் கத்தி படாமல் உரிக்கச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த தோலுக்கு இன்றைய விலையில் ஒன்றும் தேறாது. கூலியைத் தனியாகக் கொடுங்கள், தோலையே கூலியாகக் கொடுப்பது கூடாது என்பது எல்லோரும் அறிந்த சட்டம், இருந்தாலும் வருடா வருடம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தோல் விலை விழுந்துவிட்டது, அந்த வருமானத்தில் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட காலம் போய்விட்டது என்று நாமெல்லாம் வருந்துகிறோம். சில ஊர்களில் தோலைப் புதைத்தே விடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் உப்புக் காசும், உப்பு போடும் கூலியும் மிஞ்சும் என்பதைப் பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். விலை ஏறாவிட்டாலும் செலவு இறங்கும்.

கிராமங்களிலிருந்து தாமதமாக வரும் தோலுக்கு உப்பு போடத்தான் வேண்டும். அந்தத் தோலைத் தொட்டியில் நனைக்கும் முன், மரச்சட்டத்தில் போட்டு உதறினால் கரையாத உப்பில் ஒரு பகுதி உதிரும். உதிர்ந்த உப்பைத் தண்ணீர் படாமல் சாக்கில் கட்டி எடுத்துக்கொள்ளும்படி அந்த இரண்டு தோல் ஷாப்புகளிடமும் பேசியிருக்கிறோம். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கும் முறைகளைப் பல வருடமாகச் சொல்லி வருகிறது. அங்கே படித்த நம் பிள்ளைகள் சிலர் சீனாவிலும் எத்தியோப்பியாவிலும் ஆலோசகர்களாக இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது கொஞ்சம் இங்கேயும் சொல்லிவிட்டுப் போனால் நல்லது.

குடல், சாணம், இரத்தம் ஆகியவற்றை ஆற்றோரம் வீச வேண்டாம். ஈத்கா பின்புறம் இரண்டு பெரிய குழி தோண்டப்படும். கிணறு எதுவும் அருகில் இல்லாத இடம் பார்த்துத்தான் தேர்ந்திருக்கிறோம். சுண்ணாம்பு தூவி மூடுவது இளைஞர் அணியின் வேலை.

அடுத்தது கிணறுகள். இந்த மஹல்லாவில் உள்ள கிணறு, போர் எல்லாவற்றின் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்றோம். நிர்வாகக் குழுவில் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. “எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பு என்று ஊருக்கே ஒட்டினால், நாளைக்கு வீட்டை யார் வாங்குவார்? பெண்ணை யார் கொடுப்பார்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது சரிதான், பொருள் நஷ்டம் உண்டு. ஆனால் தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் வாடகை வீட்டுக்காரரை யோசிக்க வேண்டும். வசதியுள்ளவர் ஆர்.ஓ. வைத்துக்கொண்டார். கேன் வாங்க முடியாதவர் கைப்பம்பில் பிடித்து அதையே பிள்ளைக்குக் கொடுக்கிறார். கடைசியில், கதவு எண் போடாமல் தெரு வாரியாக ஒட்டுவது, அந்தந்த வீட்டுக்கு அதன் முடிவைத் தனியே கொடுப்பது என்று முடிவானது. முழுத் திருப்தி யாருக்கும் இல்லை. ஆனாலும் தொடங்குகிறோம். 2000க்கு மேல் வரும் தெருக்களில் முதலில் எங்கே பொதுக் குடிநீர்த் தொட்டி வைப்பது என்பதை அந்த முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. அதை வாளியில் பிடித்து வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு அதிகம். பள்ளிவாசல் ஹவ்ழுக்குப் பக்கத்தில் குழாய்களை மாற்றி, அழுத்தினால் சிறிது வந்து தானே நிற்கும் வகை போடுகிறோம். ஓடும் ஆற்றில் வுழூ செய்தாலும் வீண் விரயம் கூடாது என்பது நமக்குச் சொல்லப்பட்டது. நம் ஆறோ ஓடவே இல்லை.

தோல் ஷாப் மூட வேண்டும் என்று நாம் சொல்வதாக வெளியே யாரும் பேச வேண்டாம். ஆம்பூரில் செருப்புக் கம்பெனிக்குப் போகும் பெண்களின் பேருந்தைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். நாம் கேட்பது, மழை பெய்யும் இரவில் இருட்டோடு இருட்டாக வாய்க்காலில் திறந்துவிடும் வேலையை யார் செய்தாலும், அவர் எந்த ஜமாஅத்தாக இருந்தாலும், எந்தச் சங்கமாக இருந்தாலும், அவருக்காக யாரும் அதிகாரியிடம் பரிந்து பேசப் போகக் கூடாது என்பதுதான். இந்த அறக்கட்டளையின் கடிதத் தாள் இனி அதற்குக் கிடைக்காது. சென்ற மாதக் கூட்டத்தில் கையெழுத்திட்டு நிறைவேற்றிய தீர்மானம் இது.

வண்டிச் சுற்றுக்கு இருபத்து நான்கு இளைஞர்கள் வேண்டும், இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் மாதிரி எடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண்மணி தேவை, ஆண்கள் பகல் நேரத்தில் வீட்டுக்குள் போவது சிரமம். தினமும் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில்களை மதரஸாவில் வைத்திருக்கிறோம், அதில்தான் பிடிக்க வேண்டும், எண்ணெய் பாட்டில், குளிர்பான பாட்டில் வேண்டாம். வரும் திங்கள் முதல் மேட்டுத் தெருவிலிருந்து தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.